மண்ணுக்குள் கிடக்கும் பீரங்கிக் குண்டு: தொட்டால் என்ன ஆகும்? யாருக்குச் சொந்தம்? கடலூர் - சிதம்பரம் முழுப் பின்னணி

வீடு கட்ட அஸ்திவாரம் தோண்டுகிறார்கள். குளத்தைத் தூர்வாருகிறார்கள். ஜேசிபி வாயில் துருப்பிடித்த இரும்பு உருண்டை ஒன்று சிக்குகிறது. அடுத்து என்ன நடக்கும்?

ஒருவர் அதைக் கழுவி வீட்டுத் திண்ணையில் வைத்துக்கொள்வார். இன்னொருவர் காயலான் கடையில் எடைக்குப் போடுவார். மூன்றாமவர் போலீஸுக்குப் போன் போடுவார். முதல் இரண்டு பேரும் தங்களுக்கே தெரியாமல் பெரிய ஆபத்தில் கை வைக்கிறார்கள். மூன்றாமவர் செய்ததுதான் சரி. ஆனால் 'இத்தனை வருஷம் கழிச்சு இது என்ன பண்ணிடப் போகுது?' என்ற அலட்சியம்தான் பல இடங்களில் ஜெயிக்கிறது.

18-ஆம் நூற்றாண்டில் ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரரும் ஹைதர் அலியும் மாறி மாறி மோதிய மண் கடலூரும் சிதம்பரமும். அந்தப் போர்களின் இரும்பு என்ன ஆனது? இன்று அப்படி ஒரு பொருள் கிடைத்தால் அதன் கதி என்ன? சட்டம் என்ன சொல்கிறது? விரிவாகப் பார்க்கலாம்.

குண்டு விழுந்த தூரம்தான் எல்லை!

கடலூர் தேவனாம்பட்டினத்தில், கெடிலம் ஆற்றின் முகத்துவாரத்தை ஒட்டி இருந்தது புனித டேவிட் கோட்டை. 1690-இல் இந்தக் கோட்டையைக் கிழக்கிந்தியக் கம்பெனி மராட்டியரிடமிருந்து விலைக்கு வாங்கியது. அப்போது செஞ்சியில் இருந்தவர் மராட்டிய மன்னர் ராஜாராம். சென்னையில் கம்பெனியின் தலைவராக இருந்தவர் எலிகு யேல்.

இந்த விற்பனையில் ஒரு விசித்திரமான நிபந்தனை இருந்தது. கோட்டையோடு சேர்த்து, கோட்டையிலிருந்து பீரங்கியால் சுட்டால் குண்டு எவ்வளவு தூரம் போய் விழுமோ, அதுவரைக்கும் உள்ள நிலமும் கம்பெனிக்கு.

கம்பெனிக்காரர்கள் சும்மா இருப்பார்களா? சென்னையிலிருந்து நல்ல பீரங்கியாகக் கொண்டுவந்து, பல திசைகளிலும் சுட்டார்கள். குண்டு விழுந்த இடங்களுக்கு உட்பட்ட கிராமங்கள் எல்லாம் கம்பெனியின் கணக்கில் சேர்ந்தன. அந்தக் கிராமங்களுக்குக் 'குண்டு கிராமங்கள்' என்றே பெயர் வந்தது.

ஆக, கடலூரில் பீரங்கிக் குண்டு ஒரு காலத்தில் ஆயுதமாக மட்டும் இல்லை. நில அளவைக்காரர் கையில் இருக்கும் சங்கிலி போலவும் பயன்பட்டிருக்கிறது.

40 வருஷத்தில் எத்தனை கை மாறியது?

1746-இல் பிரெஞ்சுப் படை சென்னையைப் பிடித்தது. உடனே கம்பெனியின் தென்னிந்தியத் தலைமையிடம் புனித டேவிட் கோட்டைக்கு மாறியது. 1752 வரை அங்கேயே இருந்தது. ராபர்ட் கிளைவ் 1756-இல் இந்தக் கோட்டையின் ஆளுநரானார்.

1758-இல் பிரெஞ்சுத் தளபதி லாலி கோட்டையை முற்றுகையிட்டார். ஜூன் 2-ஆம் தேதி கோட்டை சரணடைந்தது. அதைத் தன்வசம் வைத்துக் காப்பதற்குப் பதிலாக, அரண்களைத் தகர்த்துவிட்டார் லாலி. இன்று தேவனாம்பட்டினத்தில் எஞ்சியிருப்பது அந்தக் கோட்டையின் இடிபாடுகள்தான்.

1760-இல் கடலூர் மறுபடியும் ஆங்கிலேயர் கைக்கு வந்தது. 1782-இல் பிரெஞ்சுப் படை ஹைதர் அலியின் துணையோடு அதைப் பிடித்தது. 1783 ஜூனில் ஆங்கிலேயப் படை திரும்பவும் முற்றுகை போட்டது. ஊருக்குள் இருந்த பிரெஞ்சுப் படைக்குத் தலைவர் புஸ்ஸி. வெளியே ஆங்கிலேயத் தளபதி ஜேம்ஸ் ஸ்டூவர்ட். ஜூன் 13-ஆம் தேதி தரையில் கடும் சண்டை. ஒரே வாரத்தில், ஜூன் 20-ஆம் தேதி, கடலூருக்கு எதிரே கடலில் ஆங்கிலேய அட்மிரல் ஹியூஸும் பிரெஞ்சு அட்மிரல் சஃப்ரனும் மோதினார்கள்.

அந்தச் சண்டை முடிந்த விதம் இன்னும் வினோதம். ஐரோப்பாவில் இரு நாடுகளும் ஏற்கெனவே சமாதானம் பேசிவிட்டன. அந்தச் செய்தி கப்பலில் வந்து சேர்வதற்குள் கடலூரில் ஆயிரக்கணக்கானோர் அடித்துக்கொண்டிருந்தார்கள். செய்தி வந்ததும் துப்பாக்கிகள் ஓய்ந்தன. 1785-இல் ஊர் ஆங்கிலேயரிடம் திரும்பியது.

சிதம்பரம் கோயில் கோட்டையான கதை

கடலூருக்குத் தெற்கே சுமார் 45 கிலோமீட்டரில் சிதம்பரம். நடராஜர் கோயிலின் உயரமான மதில்களும் நான்கு பெரிய கோபுரங்களும் பக்தர்களுக்கு வேறு அர்த்தம் தரும். ஆனால் 18-ஆம் நூற்றாண்டுப் படைத் தளபதிகள் கண்ணுக்கு அது கட்டி முடித்துத் தயாராக இருந்த ஒரு கோட்டை. பிரெஞ்சு, ஆங்கிலேய, மைசூர்ப் படைகள் வெவ்வேறு சமயங்களில் கோயிலுக்குள் முகாம் போட்டன.

1781-இல் அங்கே ஹைதர் அலியின் படை இருந்தது. உள்ளே சேமித்திருந்த தானியம் உள்ளிட்ட பொருட்களைக் கைப்பற்றும் நோக்கத்தில் ஆங்கிலேயத் தளபதி அயர் கூட் ஜூன் 18-ஆம் தேதி இரவு தாக்கினார். உள்ளே இருந்த படை விடவில்லை. கூட் பின்வாங்க வேண்டியதாயிற்று.

இரண்டே வாரத்தில், ஜூலை 1-ஆம் தேதி, பக்கத்திலேயே பரங்கிப்பேட்டையில் பெரிய போர். ஹைதரின் படை எண்ணிக்கையில் பல மடங்கு பெரியது. ஆனாலும் அன்று வென்றது கூட்டின் படை. பள்ளிப் பாடப் புத்தகத்தில் 'போர்ட்டோ நோவோ போர்' என்று படித்தது இதைத்தான்.

தேவனாம்பட்டினத்திலிருந்து வெள்ளாற்றின் முகத்துவாரம் வரையுள்ள இந்தக் கடலோரப் பட்டையில், ஒரே நூற்றாண்டுக்குள் இத்தனை முறை பீரங்கிகள் முழங்கியிருக்கின்றன. அங்கே பள்ளம் தோண்டும்போது பழைய போர் இரும்பு கிடைக்க வாய்ப்பே இல்லை என்று யாராலும் சொல்ல முடியாது.

அப்படின்னா அவ்வளவு இரும்பும் எங்கே போச்சு?

அந்தக் காலத்தில் இரும்பு விலை மதிப்புள்ள பொருள். சண்டை ஓய்ந்ததும் குண்டுகளைப் பொறுக்கி மறுபடியும் பயன்படுத்துவது படைகளின் வழக்கம். பழைய பீரங்கிகள் உலைக்குப் போயின. வெண்கலப் பீரங்கிகளை உருக்கினால் இன்னும் லாபம். சில துறைமுக நகரங்களில் கழித்துக்கட்டிய பீரங்கிகளைத் தலைகீழாக நட்டுக் கப்பல் கயிறு கட்டும் தூணாக்கினார்கள். மீதி மண்ணோடு மண்ணாகத் துருப்பிடித்தது.

கடலூர் மாவட்டத்தில் இன்னொரு சிக்கலும் உண்டு. பரங்கிப்பேட்டையில் கிடைக்கும் இரும்பு எல்லாம் போர் இரும்பு அல்ல. 1830 வாக்கில் ஜோசையா மார்ஷல் ஹீத் என்பவர் அங்கே ஓர் இரும்பு உருக்காலையைத் தொடங்கினார். சேலம் பக்கத்து இரும்புத் தாது அங்கே வந்து உருகியது. அதனால் அங்கே மண்ணில் கிடைக்கும் இரும்புக் கட்டி பீரங்கிக் குண்டாகவும் இருக்கலாம். உலைக் கழிவாகவும் இருக்கலாம்.

எது என்று எப்படிக் கண்டுபிடிப்பது? பொருளை மட்டும் பார்த்தால் போதாது. அது எந்த ஆழத்தில் கிடந்தது, கூட என்னென்ன கிடந்தன, பக்கத்தில் சுவர் இருந்ததா, சாம்பல் இருந்ததா என்பதெல்லாம் தெரிய வேண்டும். குண்டைப் பிடுங்கி வீட்டுக்குக் கொண்டுபோன நிமிஷமே இந்தத் தகவல் அத்தனையும் அழிந்துபோகிறது. தொல்லியல் ஆய்வாளர்கள் 'கிடைத்த இடத்திலேயே விடுங்க' என்று திரும்பத் திரும்பச் சொல்வதற்கு இதுதான் காரணம்.

கிணற்றுக்குள் ஆயிரம் ராக்கெட்

இடத்தோடு சேர்த்து முறையாக எடுத்தால் என்ன கிடைக்கும் என்பதற்கு நல்ல உதாரணம் கர்நாடகத்தில் இருக்கிறது. ஹைதர் அலியோடு நேரடித் தொடர்புள்ள உதாரணம் அது.

சிவமொக்கா மாவட்டத்தில் நகரா என்ற ஊர். பழைய பெயர் பிதனூர். 1763-இல் ஹைதர் அலி பிடித்த ஊர். அங்கே ஒரு பாழுங்கிணற்றில் முன்பே சில இரும்புக் குழாய்கள் கிடைத்திருந்தன. ஆய்வு செய்தபோது அவை திப்பு சுல்தான் காலத்துப் போர் ராக்கெட்டுகள் என்று தெரிந்தது. 2018 ஜூலையில் மாநிலத் தொல்லியல் துறை அந்தக் கிணற்றை முழுசாகத் தோண்டியது. தோண்டத் தோண்டச் சேற்றில் வெடிமருந்து வாசனை. வெளியே வந்தவை ஆயிரத்துக்கும் மேற்பட்ட ராக்கெட்டுகள்!

இது ஏன் முக்கியம்? மைசூர் ராக்கெட்டுகளைப் பார்த்துத்தான் இங்கிலாந்தில் வில்லியம் காங்கிரீவ் தன்னுடைய ராக்கெட்டை உருவாக்கினார். இவ்வளவு புகழ்பெற்ற ஆயுதத்தின் அசல் மாதிரிகள் உலகத்திலேயே விரல் விட்டு எண்ணும் அளவுக்குத்தான் இருந்தன. ஒரே கிணறு அந்த நிலையை மாற்றிவிட்டது. அந்த ராக்கெட்டுகள் இன்று சிவமொக்கா அரசு அருங்காட்சியகத்தின் சொத்து.

கேரளத்தின் கண்ணூர்க் கோட்டையிலும் இதேபோல் நடந்தது. போர்ச்சுக்கீசியர் 1505-இல் கட்டத் தொடங்கிய புனித ஆஞ்சலோ கோட்டை அது. 2015 டிசம்பரில் கேபிள் பதிக்கப் பள்ளம் தோண்டியபோது பீரங்கிக் குண்டுகள் தட்டுப்பட்டன. இந்தியத் தொல்லியல் துறை இறங்கித் தோண்டியது. எடுத்து எண்ணியபோது 35 ஆயிரத்தையும் தாண்டியது.

இந்த இரண்டு இடத்திலும் நடந்த ஒரே நல்ல விஷயம், முதலில் பார்த்தவர்கள் எடுத்து விற்கவில்லை. அவ்வளவுதான். மற்றதெல்லாம் அதற்குப் பிறகு நடந்தவை.

இவ்வளவு வருஷம் கழிச்சும் வெடிக்குமா?

எல்லோரும் கேட்கும் கேள்வி இதுதான். பதில், குண்டின் வகையைப் பொறுத்தது.

18-ஆம் நூற்றாண்டுப் போர்களில் அதிகம் பயன்பட்டது உள்ளே எதுவும் இல்லாத கெட்டி இரும்பு உருண்டை. வேகத்தில் மோதிச் சுவரை உடைப்பது மட்டும்தான் அதன் வேலை. அது வெடிக்காது.

ஆனால் அதே காலத்தில் உள்ளீடற்ற குண்டுகளும் இருந்தன. கோட்டைச் சுவருக்கு மேலே வளைவாகப் போய் உள்ளே விழுந்து வெடிப்பதற்காகச் செய்தவை. அவற்றின் வயிற்றில் வெடிமருந்து, மேலே ஒரு சின்ன துளை, அதில் திரி. முற்றுகைப் போர்களில் இவை சாதாரணம். 200 வருஷத் துரு மேலே படிந்துவிட்டால் அந்தத் துளை கண்ணுக்கே தெரியாது. பார்வைக்கு இரண்டும் ஒன்றுபோலத்தான் இருக்கும்.

சரி, மருந்து நமுத்துப் போயிருக்காதா? ஈரம் புகுந்தால் நமுத்துப் போகும். அந்தக் காலத்து மருந்தில் முக்கால் பங்கு வெடியுப்பு. மீதி கரித்தூளும் கந்தகமும். வெடியுப்பு தண்ணீரில் கரையக்கூடியது. ஆனால் துளை துருவால் அடைத்துக்கொண்டு உள்ளே ஈரம் போகாமல் இருந்தால், மருந்து அப்படியே இருக்கும். நமுத்த மருந்துகூட மறுபடியும் உலர்ந்தால் எரியும். வெயிலில் காய வைப்பதும், சுத்தியலால் துருவைத் தட்டுவதும், டிரில்லிங் மெஷினால் துளை போடுவதும் இதனால்தான் ஆபத்து.

2008-இல் அமெரிக்காவின் வர்ஜீனியா மாநிலத்தில் அதுதான் நடந்தது. 1865-இல் முடிந்த உள்நாட்டுப் போர்க் காலத்துக் கப்பல் பீரங்கிக் குண்டு ஒன்றை ஒருவர் வீட்டு வாசலில் வைத்துச் சுத்தம் செய்துகொண்டிருந்தார். அவர் கத்துக்குட்டி இல்லை. பல வருஷமாக இதே வேலையைச் செய்து, ஏராளமான குண்டுகளைச் சுத்தம் செய்த அனுபவசாலி. குண்டு வெடித்து அங்கேயே உயிரிழந்தார். போர் முடிந்து 140 வருஷம் கழித்து!

20-ஆம் நூற்றாண்டுக் குண்டுகள் இன்னும் மோசம். டிஎன்டி போன்ற வெடிபொருட்கள் பல பத்தாண்டுகள் ஆனாலும் வலு குறையாது. பழைய குண்டுகள் சிலவற்றில் இருக்கும் பிக்ரிக் அமிலம் உலோகத்தோடு சேர்ந்து, லேசான உரசலுக்கே வெடிக்கும் உப்புகளாக மாறும். அதாவது, வயசாக வயசாக ஆபத்து கூடும்.

2023 செப்டம்பரில் சிங்கப்பூரின் அப்பர் புக்கிட் தீமா பகுதியில் கட்டுமான வேலையின்போது இரண்டாம் உலகப் போர்க் காலத்து 100 கிலோ குண்டு கிடைத்தது. 4 ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களை வெளியேற்றிவிட்டுத்தான் அதை அங்கேயே வெடிக்கச் செய்தார்கள். 2025 ஜூனில் ஜெர்மனியின் கொலோன் நகரில் மூன்று பழைய குண்டுகளுக்காக 20 ஆயிரம் பேர் வீடுகளைவிட்டு வெளியேற வேண்டியிருந்தது.

மானாம்பதியில் நடந்தது மறக்கக் கூடாதது

'அதெல்லாம் வெளிநாட்டுக் கதை' என்று ஒதுக்க முடியாது. 2019 ஆகஸ்ட் மாதம், அப்போதைய காஞ்சிபுரம் மாவட்டம் மானாம்பதி கிராமத்தில் கோயில் குளம் ஒன்றைத் தூர்வாரினார்கள். அதில் கிடைத்த மர்மப் பொருளை இளைஞர்கள் சிலர் எடுத்து வைத்திருந்தார்கள். உள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்க அதைத் திறக்க முயன்றபோது வெடித்தது. இரண்டு இளைஞர்கள் உயிரிழந்தார்கள். மேலும் சிலர் காயமடைந்தார்கள். அது ராக்கெட் லாஞ்சர் வகைக் குண்டு என்பது பிறகு தெரிந்தது. அந்த வட்டாரத்தில்தான் அனுமந்தபுரம் துப்பாக்கிச் சுடும் பயிற்சித் தளம் இருக்கிறது.

காயலான் கடை வழியாகவும் இந்த ஆபத்து வரும். 2004 செப்டம்பர் 30 அன்று உத்தரப் பிரதேசத்தின் காசியாபாத்தில் ஓர் இரும்பு ஆலையில் குண்டு வெடித்து 10 தொழிலாளர்கள் பலியானார்கள். வெளிநாட்டிலிருந்து இறக்குமதியான பழைய இரும்புக்குள் வெடிக்காத ராணுவக் குண்டுகள் கலந்து வந்திருந்தன. அதைத் தொடர்ந்து நாட்டின் பல ஊர்களில் பழைய இரும்புக் குவியல்களுக்குள் குண்டுகள் கண்டுபிடிக்கப்பட்டன. இறக்குமதி விதிகளும் கடுமையாக்கப்பட்டன.

இதோடு ஒப்பிட, 2024 அக்டோபர் கடைசியில் திருச்சி அந்தநல்லூர் காவிரிக் கரையில் நடந்ததைச் சொல்லலாம். கரையில் ராக்கெட் லாஞ்சர் குண்டு ஒன்று கிடந்தது. தகவல் போலீஸுக்குப் போனது. பிறகு ராணுவத்தினர் வந்து அதைச் செயலிழக்கச் செய்தார்கள். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை.

குளத்தில் கிடைத்ததும் ஆற்றங்கரையில் கிடைத்ததும் ஒரே வகை ஆபத்துதான். முடிவை மாற்றியது, கண்டவர்கள் என்ன செய்தார்கள் என்பது மட்டுமே.

தங்கச்சிமடத்தில் செப்டிக் டேங்குக்குக் கீழே...

தமிழ்நாட்டில் பதுக்கி வைத்த ஆயுதக் குவியல் என்றால் பலருக்கும் நினைவு வருவது ராமேஸ்வரம் தீவில் உள்ள தங்கச்சிமடம். 2018 ஜூன் மாத இறுதியில், ஒரு மீனவர் வீட்டில் செப்டிக் டேங்குக்குப் பள்ளம் தோண்டினார்கள். துருப்பிடித்த பெட்டிகள் தட்டுப்பட்டன. திறந்தால் துப்பாக்கித் தோட்டாக்கள். போலீஸ் வந்து மேலும் தோண்ட, பெட்டி பெட்டியாகத் தோட்டாக்களும் வெடிபொருட்களும் வந்துகொண்டே இருந்தன.

1980-களில் இலங்கைத் தமிழ்ப் போராளிக் குழுக்கள் தமிழகக் கடலோரத்தில் செயல்பட்ட காலத்தில் புதைத்தவையாக இருக்கலாம் என்று காவல்துறை தரப்பில் சொல்லப்பட்டது. அப்படியானால் 30 வருஷத்துக்கும் மேலாக அந்தப் பெட்டிகளுக்கு மேலே மக்கள் நடமாடிக்கொண்டிருந்திருக்கிறார்கள்.

இப்படிக் கிடைப்பவை அருங்காட்சியகத்துக்குப் போகாது. அவை முதலில் வழக்குச் சொத்து. நீதிமன்றத்தின் அனுமதி பெற்று, நிபுணர்கள் மேற்பார்வையில், ஆள் நடமாட்டம் இல்லாத இடத்தில் அழிப்பதுதான் நடைமுறை.

யாருக்குச் சொந்தம்? சட்டம் என்ன சொல்கிறது?

'என் நிலத்துல கிடைச்சது, எனக்குத்தான் சொந்தம்' என்று நினைப்பது இயல்பு. ஆனால் சட்டம் அவ்வளவு எளிதாக விடாது.

புதையல் சட்டம், 1878: மண்ணுக்குள் மறைந்து கிடந்த, மதிப்புள்ள எதுவும் இந்தச் சட்டப்படி புதையல். தங்கமாக இருக்க வேண்டும் என்று கட்டாயம் இல்லை. மதிப்பு 10 ரூபாயைத் தாண்டினாலே மாவட்ட ஆட்சியருக்கு எழுத்துப்பூர்வமாகத் தெரிவிக்க வேண்டும். ஆட்சியர் அறிவிப்பு வெளியிட்டு உரிமை கோருவோரை விசாரிப்பார். உரிமையாளர் இல்லை என்று முடிவானால், சட்டத்தின் அடிப்படை விதிப்படி கண்டெடுத்தவருக்கு முக்கால் பங்கு, நில உரிமையாளருக்குக் கால் பங்கு. அரசே விலை கொடுத்து எடுத்துக்கொள்ளவும் வழி உண்டு. சொல்லாமல் மறைத்தால் பங்கும் போய்விடும், ஓராண்டு வரை சிறையும் கிடைக்கலாம்.

தொல்பொருட்கள் மற்றும் கலைச் செல்வங்கள் சட்டம், 1972: நூறு வருஷத்துக்குக் குறையாத வரலாற்றுப் பொருள் தொல்பொருள். 1783-ஆம் ஆண்டுக் குண்டு இதற்குள் வரும். உரிமம் இல்லாமல் இதை வியாபாரம் செய்யவோ, தனிநபர் வெளிநாட்டுக்கு அனுப்பவோ முடியாது. ஆன்லைனில் விற்றுவிடலாம் என்று நினைப்பவர்கள் கவனிக்க வேண்டிய இடம் இது.

ஆயுதச் சட்டம், 1959: பழங்காலத்து, பழுது பார்த்தாலும் சுட முடியாத துப்பாக்கிகளுக்குப் பிரிவு 45 விலக்கு தருகிறது. தாத்தா காலத்து உடைந்த துப்பாக்கி சுவரில் தொங்குவது இந்த வகை. ஆனால் சுட முடியுமா, முடியாதா என்று வீட்டுக்காரரே முடிவு செய்துகொள்ள முடியாது. தோட்டா, கையெறி குண்டு, ராக்கெட் குண்டு போன்றவை உயிரோடு இருந்தால் 1908-ஆம் ஆண்டு வெடிபொருட்கள் சட்டமும் பாயும். தெரிந்தே வைத்திருப்பது கடும் குற்றம்.

சுருக்கமாகச் சொன்னால், நூறு வருஷத்துக்கு மேற்பட்டது, வெடிக்காது என்று உறுதியானால் தொல்லியல் துறை, அருங்காட்சியகம். வெடிக்கும் என்றால் வெடிகுண்டு நிபுணர்கள், அழிப்பு. இரண்டில் எது என்று தீர்மானிக்கும் வேலை கண்டெடுத்தவருடையது அல்ல.

அருங்காட்சியகத்துக்குப் போனால் மட்டும் போதுமா?

போதாது. மண்ணுக்குள் இருந்த இரும்பு, வெளியே வந்த பிறகுதான் வேகமாக அழியும். கடலோர மண்ணிலும் கடலுக்குள்ளும் கிடக்கும் இரும்புக்குள் உப்பு ஊறியிருக்கும். காற்றும் ஈரமும் பட்டதும் உள்ளிருந்தே துரு கிளம்பி, பொருள் செதில் செதிலாக உதிரும். பல காலம் கடலில் கிடந்த வார்ப்பிரும்பு, உருவம் மாறாமல் உள்ளே பென்சில் கரி போல மிருதுவாகிவிடுவதும் உண்டு. அதை அப்படியே காய வைத்தால் வெடிப்பு விட்டு உடையும்.

அதனால் மாதக்கணக்கில், சில சமயம் வருஷக்கணக்கில் ரசாயனக் கரைசலில் ஊறவைத்து, மின்சாரம் செலுத்தி உப்பை வெளியேற்ற வேண்டும். அதன் பிறகுதான் காட்சிக்கு வைக்க முடியும். ஆர்வத்தில் பெயின்ட் அடித்து வாசலில் வைத்தால், பெயின்டுக்கு உள்ளேயே துரு தின்றுகொண்டிருக்கும்.

நல்லபடியாகப் பிழைத்த பொருட்களும் தமிழ்நாட்டில் உண்டு. தஞ்சாவூர் பீரங்கி மேட்டில் நாயக்கர் காலத்து ராஜகோபால பீரங்கி 17-ஆம் நூற்றாண்டிலிருந்து வெட்டவெளியில் நிற்கிறது. இரும்புப் பட்டைகளையும் வளையங்களையும் காய்ச்சி அடித்து இணைத்துச் செய்த ராட்சதப் பீரங்கி. எடை சுமார் 22 டன். அதன் செய்முறையைக் கான்பூர் ஐஐடி பேராசிரியர் ஆர். பாலசுப்பிரமணியம் ஆராய்ந்து எழுதியிருக்கிறார். இருந்த இடத்திலேயே இருப்பதால், அது எந்தத் திசையைக் காக்க நின்றது என்பதைக்கூட இன்றைக்கும் நேரில் பார்த்துப் புரிந்துகொள்ளலாம்.

1914 செப்டம்பர் 22 இரவு ஜெர்மனியின் எம்டன் கப்பல் சென்னை மீது குண்டு வீசியது. அந்தக் குண்டின் ஒரு துண்டு சென்னைக் கோட்டை அருங்காட்சியகத்தில் இருக்கிறது. 'அவன் பெரிய எம்டன்' என்று ஊரில் சொல்வார்களே, அந்தச் சொல் எங்கிருந்து வந்தது என்று குழந்தைகளுக்குக் காட்ட அந்த ஒரு துண்டு இரும்பு போதும்.

கிடைத்தால் என்ன செய்ய வேண்டும்?

* தொடாதீர்கள், நகர்த்தாதீர்கள், கழுவாதீர்கள். ஏற்கெனவே கையில் எடுத்துவிட்டால் மெதுவாகத் தரையில் வைத்துவிட்டு விலகுங்கள்.

* தோண்டும் வேலையை உடனே நிறுத்துங்கள். ஜேசிபியை அணைத்துவிட்டு ஆட்களை விலக்குங்கள். ஒன்று கிடைத்த இடத்தில் இன்னும் பல இருக்கலாம்.

* குழந்தைகளையும் வேடிக்கை பார்ப்பவர்களையும் தள்ளி நிற்கச் சொல்லுங்கள். செல்ஃபி எடுக்கக் கிட்டே போக வேண்டாம். படம் வேண்டுமென்றால் தூரத்திலிருந்து ஒன்று போதும்.

* 112 அல்லது 100-க்கு அழையுங்கள். கிராமமாக இருந்தால் கிராம நிர்வாக அலுவலருக்கும் சொல்லுங்கள். அங்கிருந்து தாசில்தார், ஆட்சியர், தொல்லியல் துறை வரை தகவல் போகும்.

* எந்த இடம், எவ்வளவு ஆழம், கூட என்ன கிடந்தது என்பதை ஒரு தாளில் குறித்து வையுங்கள். ஆய்வாளர்களுக்குக் குண்டைவிட இது முக்கியம்.

* காயலான் கடைக்காரர்களும் இதையே பின்பற்ற வேண்டும். எடைக்கு வந்த மூட்டைக்குள் சந்தேகமான உருண்டையோ, கூர்முனைக் குழாயோ இருந்தால் அதை அறுக்கவோ, கேஸ் கட்டர் வைக்கவோ கூடாது.

ஏன் இது கடலூருக்கு முக்கியம்?

பெரிய போர்கள் நடந்த ஊர்களில் அந்த நினைவைச் சொல்ல நினைவுச் சின்னங்களும் காட்சிக் கூடங்களும் இருக்கும். கடலூரில் கோட்டையின் பெரும்பகுதியை 1758-லேயே தகர்த்துவிட்டார்கள். பரங்கிப்பேட்டைப் போர்க்களம் இன்று வயலும் தோப்பும் வீடுகளுமாக இருக்கிறது. சிதம்பரம் கோயிலுக்கு வருபவர்களில் எத்தனை பேருக்கு அங்கே பீரங்கிப் படை தங்கியிருந்தது தெரியும்?

அந்த 40 வருஷச் சண்டையில் செத்தவர்களில் பெரும்பாலானோர் இந்த மண்ணின் சிப்பாய்களும், சுமை தூக்கியவர்களும், நடுவில் மாட்டிக்கொண்ட ஊர் மக்களும். தளபதிகளின் பெயர்கள் ஆவணங்களில் இருக்கின்றன. இவர்களைப் பற்றி மிச்சமிருக்கும் சாட்சி மண்ணுக்குள்தான் கிடக்கிறது. ஒரு குண்டு எங்கே விழுந்தது என்று தெரிந்தால் படை எங்கே நின்றது, எந்தத் தெருவைச் சுட்டது, யார் வீடு எரிந்தது என்று ஓரளவு சொல்லிவிடலாம். காயலான் கடைத் தராசில் ஏறிவிட்டால் அது வெறும் சில கிலோ இரும்பு.

அடுத்த முறை கெடிலக் கரையிலோ வெள்ளாற்றங்கரையிலோ மண்வெட்டியில் 'டங்' என்று ஏதாவது தட்டினால், முதலில் கையை எடுங்கள். பிறகு போனை எடுங்கள்.